புறம்போக்கும் பொலியும்

முகப்பேரில் ஒரு பகுதிக்கு 'ஏரி ஸ்கீம்' என்று பெயர். முகவரி எழுதும்போதும் ஆட்டோவுக்கு வழி சொல்லும்போதும் அந்தப் பெயர் சாதாரணமாகப் புழங்குகிறது. நுங்கம்பாக்கத்து 'லேக் ஏரியா'வும் அப்படித்தான். ஏரி போன பிறகும் அதன் பெயர் அங்கே குடியிருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 1955இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிலிருந்தோ, 1961இல் வந்த கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்தோ, 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்தோ ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முந்தைய காலத்தை 'ஏரியும் வயலுமாக இருந்தது' என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த ஏரியைச் சட்டம் படித்தவர் ஆக்கிரமிப்பு வழக்காகப் பார்க்கிறார். வேளாண்மை படித்தவருக்கு அது ஆயக்கட்டு. கலை வரலாற்றாளர் கரையோரத்துக் கோயிலோடு நின்றுவிடுகிறார், சூழலியலாளர் நீர்ப்பிடிப்பையும் பறவைகளையும் எண்ணுகிறார். இந்த நான்கும் ஒரு காலத்தில் ஒரே கணக்கில் எழுதப்பட்டிருந்தன. அந்தக் கணக்கு துண்டுதுண்டாகப் பிரிந்ததுதான் ஏரிகள் அழியக் காரணம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதற்கு நல்ல சான்று, செங்கல்பட்டு ஜாகீர் பற்றிய ஆவணங்கள். 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலியிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற ஜாகீரில் பூந்தமல்லிச் சீமையும் அடக்கம். அங்கே 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர்கள் தமிழில் எழுதிய ஓலைகள்தான் அந்த வேலைக்கு அடிப்படை. காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் இந்த ஆவணங்களின் அருமையை எடுத்துக்காட்டினார். எம்.டி. சீனிவாஸ் முதலானோர் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்கை நூலாகவே வெளியிட்டனர். ஜப்பானிய வரலாற்றாளர் மிசுஷிமா ட்சுகாசாவும் இதே ஆவணங்களைக் கொண்டு ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்குரிமையான மிராசு முறையை ஆராய்ந்தார். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளக் களத்துமேட்டுக்குப் போக வேண்டும். கதிர் அடித்து, தூற்றி, பொலி குவித்தாகிவிட்டது. சர்க்காருக்கும் குடிகளுக்கும் வாரம் பிரிப்பதற்கு முன்பே அந்தக் குவியலிலிருந்து மரக்கால் மரக்காலாகப் பிறருக்கு அளந்து போடுகிறார்கள். கோயிலுக்கு ஒரு பங்கு, ஏரி மராமத்துக்கு ஒரு பங்கு. மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சியவர், கணக்கர், தலையாரி, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், பள்ளிக்கூடத்து வாத்தியார், வைத்தியர், கோயிலில் ஆடியவர், மேளம் வாசித்தவர், பக்கிரி என்று அந்த வரிசை நீள்கிறது. களத்தில் அளக்கும் பங்குக்கு மேரை, சுதந்திரம் என்று பெயர். வரியில்லாமல் விட்ட நிலத்துக்கு மானியம் என்று பெயர். ஏரிக்கும் ஆட்டத்துக்கும் எழுத்துக்கும் மருந்துக்கும் சோறு வந்தது ஒரே பொலியிலிருந்து.

கலை வரலாற்றில் இந்த உண்மை அடிக்கடி மறைந்துபோகிறது. கோயில் நடனத்தைப் பற்றிப் பேசும்போது பக்தி, ரசம், பரம்பரை என்று பேசுகிறோம். அதைத் தாங்கி நின்ற நன்செய் நிலத்தைப் பேசுவதில்லை. ஆனால் சட்டத்துக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929இல் இந்து சமய அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டபோது, தேவதாசிகளின் மானிய நிலம் கோயில் ஊழியத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. ஆடினால்தான் நிலம் என்ற கட்டு அறுந்தது. ஒரு கலையின் தலைவிதி நிலச் சட்டத்தின் வழியே தீர்மானமானது இங்கேதான். ஏரி பராமரிப்பும் இப்படியே வழிபாட்டோடு பிணைந்திருந்தது. ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்டதையும், கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் காவல் நின்றதாகச் சொல்லும் கதையையும் எல்லோரும் அறிவார்கள். அந்த ஏரிக்கரை ராமர் கோயிலின் தாயார் சந்நிதி பிளேஸின் தர்மம் என்று கல்வெட்டே சொல்கிறது. கதையில் வரும் காட்சி உண்மையா என்பது வரலாற்றாளருக்குப் பெரிய கேள்வி இல்லை. கரையைக் கட்ட வந்த அதிகாரி கோயிலுக்கும் கட்ட வேண்டியிருந்தது என்பதுதான் அவர் கவனிக்க வேண்டியது. அந்த ஊரில் இரண்டும் ஒரே பொறுப்பாக இருந்தன.

கம்பெனி அதிகாரிகளிலும் சிலர் இதை உணர்ந்திருந்தார்கள். சென்னைக் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ் 1818இல் மிராசு உரிமை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அரசு கேட்டவை 17 கேள்விகள். அதற்கு விடை தேட எல்லிஸ் தர்ம சாஸ்திரம், தமிழ் இலக்கியம், பழைய கிரய சாசனங்கள் எல்லாவற்றையும் புரட்டினார். அவருக்குத் துணையாக இருந்து எழுதியவர் சிரஸ்தார் சங்கரய்யா. அதே 1818இல் குடிநீர்த் தட்டுப்பாட்டைப் போக்க 27 கிணறுகள் வெட்டி, அதைச் சொல்லும் கல்வெட்டில் ஒரு குறளையும் பொறித்தவர் எல்லிஸ். நில உரிமை, இலக்கியம், தண்ணீர் மூன்றும் அவர் மேசையில் ஒன்றாகவே இருந்தன. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் எழுதியதற்காக அவரைக் கொண்டாடுகிறோம். மொழியாராய்ச்சியும் நில ஆராய்ச்சியும் அவருக்கு ஒரே உழைப்பாக இருந்தன என்பதை மறந்துவிடுகிறோம்.

கணக்கு பிரிந்ததைக் காட்ட 'புறம்போக்கு' என்ற ஒரு சொல் போதும். வரிக்கணக்குக்குப் புறம்பாக, ஊரின் பொதுப் பயனுக்காக ஒதுக்கிவைத்த நிலம் என்பதே அதன் பொருள். ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, நத்தம் புறம்போக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. கம்பெனி ஆட்சி மேரையையும் மானியத்தையும் சுருக்கி, விளைச்சலை வரி, பட்டாதாரர் என்ற இரண்டே பங்காக ஆக்கியது. ஏரிக்கான பங்கு போன பின் கரையை யார் பார்ப்பது? 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம், ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்தைச் சட்டக் கடமையாக்கியது. களத்தில் வந்த பங்கு நின்ற பின் உழைப்பை மட்டும் கேட்ட சட்டம் அது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஏரி, ஆறு, கால்வாய்ப் படுகைகளை அரசின் சொத்து என்று அறிவித்தது. ஆக்கிரமிப்பைத் தடுக்கவே அந்தச் சட்டம் வந்தது என்பது உண்மை. ஆனால் ஊரின் பொதுநிலம் ஒரே உடைமையாளரின் கைக்குப் போனதும், வகைமாற்றம் ஒரு கோப்பில் முடியும் காரியமாகிவிட்டது. ஊருக்கென்று ஒதுக்கிய நிலம் யாருக்கும் வேண்டாத நிலமாகி, கடைசியில் அந்தச் சொல்லே வசைச் சொல்லாகத் தெருவுக்கு வந்தது. எண்ணூர்ச் சதுப்பு நிலத்துக்காக 2017இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை பொறம்போக்குப் பாடல்' அந்த வசையைத் திருப்பிப் போட்டது. நிலச் சட்டத்தின் ஒரு சொல்லைப் பாட்டு மீட்டெடுத்தது.

இந்த வாதத்துக்கு எழும் வலுவான மறுப்பு சாதி பற்றியது. களத்தில் எல்லோருக்கும் பங்கு இருந்தது என்று பூரிப்பது, அந்தக் களத்தில் கதிரடித்தவர்கள் யார் என்பதை மறைப்பதாகாதா? நியாயமான கேள்வி. மேரை வாங்கியவர்களுக்கெல்லாம் ஏரியில் குரல் இருக்கவில்லை. பறையர், பள்ளர் உழைப்பில் விளைந்த நெல்லில் அவர்களுக்குப் பங்கு உண்டு, நிலத்தில் இல்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, குடியிருக்கும் மனைகூடத் தங்களுக்குச் சொந்தமில்லாமல் அவர்கள் பண்ணையடிமைகளாக வாழ்ந்ததையும், தரிசு நிலம் அவர்கள் கைக்குப் போகாமல் மிராசுதார்கள் தடுத்ததையும் பதிவு செய்தது. 1892இல் அவர்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது அதன் விளைவாகத்தான். சிவகங்கைச் சீமையின் கண்மாய்களை ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மாஸும் நீர்ப் பங்கீட்டை அதிகாரப் பங்கீடாகவே காட்டினார். ஆகவே பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, அதற்குப் பலமே சேர்க்கிறது. ஏரியைச் சூழலியலாக மட்டும் படிப்பவருக்குக் கரையோரக் குடிசை ஆக்கிரமிப்பாகத் தெரியும். ஊர்க் குடியிருப்பான நத்தத்தில் தலைமுறைகளாக இடம் மறுக்கப்பட்டவர் வேறு எங்கே போவார் என்ற கேள்வி, சட்டத்தின் வரலாற்றையும் சேர்த்துப் படிப்பவருக்கே எழும்.

வரி வசூலுக்காகத் தயாரித்த கணக்கை நம்பலாமா என்பது அடுத்த மறுப்பு. விளைச்சலைக் குறைத்துக் காட்ட ஊருக்கும், கூட்டிக் காட்ட சர்க்காருக்கும் காரணம் இருந்தது. அதனால்தான் விளைச்சல் அளவு பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு நிற்கிறது. ஆனால் இங்கே நான் சார்ந்து நிற்பது எண்களை அல்ல, பங்கின் வகைகளை. ஏரிக்கும் வாத்தியாருக்கும் ஆடியவருக்கும் பங்கு உண்டு என்று பொய்யாக எழுதி யாருக்கும் லாபமில்லை. இந்த ஏற்பாடு பதினெட்டாம் நூற்றாண்டில் திடீரென்று முளைத்ததும் இல்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. அந்த நீர்நிலைச் சட்டம் பொறித்திருப்பது ஊர்ச்சபை கூடிய மண்டபத்தின் சுவரில்.

வயலே இல்லாத ஊரில் ஏரி எதற்கு என்பது கடைசி மறுப்பு. அம்பத்தூரில் இன்று நாற்று நடுபவர் இல்லை. ஆயக்கட்டு போன பின் ஏரி காலி மனைதானே என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால் ஏரி தனியாக நிற்பதில்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே கொரட்டூருக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் தண்ணீர் போக வேண்டும். வயல் போனாலும் இந்தச் சரிவு போகாது. கால்வாயை அடைத்தால் தண்ணீர் தெருவைத் தேடி வரும். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 2015 டிசம்பர் 1 அன்று நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டபோது அடையாற்றங்கரை மூழ்கியது. 2019 கோடையில் அதே ஏரி வறண்டு, நகரம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றது. நான்கு ஆண்டு இடைவெளியில் வெள்ளமும் வறட்சியும் ஒரே ஏரியின் பெயரில் வந்தன. நெல்லுக்குத் தேவைப்பட்ட தண்ணீர் இப்போது நிலத்தடிக்கும் குடத்துக்கும் தேவைப்படுகிறது. பயிர் மாறியிருக்கிறது, ஏரியின் வேலை மாறவில்லை.

2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் எல்லையை அளந்து கல் நடச் சொல்கிறது. அது அவசியமான வேலைதான். ஆனால் எல்லைக்கல் ஏரியின் விளிம்பைக் காட்டுமே தவிர, அந்த ஏரி யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறது, யாரெல்லாம் அதற்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டாது. பூந்தமல்லிச் சீமையின் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அதன் ஓலைக் கணக்கு, கோயில் கல்வெட்டு, கிராம நிர்வாக அலுவலரின் 'அ' பதிவேடு, வரத்துக்கால் வரைபடம், வழக்குக் கட்டு எல்லாவற்றையும் ஒரே மேசையில் விரித்துப் படிக்கும் ஆய்வு வேண்டும். சட்டக் கல்லூரியும் வேளாண் பல்கலைக்கழகமும் இசைப் பல்கலைக்கழகமும் இருக்கும் தமிழ்நாட்டில் அது முடியாத காரியம் இல்லை. அன்றைய ஊர்க் கணக்கர் ஓர் எழுத்தாணியால் செய்த வேலையின் தொடர்ச்சிதான் அது. அவர் விட்ட குறை ஒன்றுண்டு: பங்கு வாங்கியவர்களை எழுதிய அவர், அவர்களுக்கும் ஏரியில் குரல் உண்டு என்று எழுதவில்லை. இனி எழுதும் கணக்கில் அந்த வரியையும் சேர்க்க வேண்டும்.