ஒரு கோடை முகாமும் இருபத்திரண்டு சிறுவர்களும்

சாரணர் முகாமுக்கோ நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கோ நீங்கள் சென்று வந்திருக்கக்கூடும். பத்தே நாள் பழகியவர்களைப் பிரியும்போது கண் கலங்குகிறது. பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அங்கே பாடிய பாட்டும் பட்டப்பெயர்களும் நினைவில் நிற்கின்றன. பள்ளியில் ஓராண்டு முழுவதும் பக்கத்தில் அமர்ந்திருந்தவரின் பெயர்கூட மறந்துபோவதுண்டு. முகாமில் ஒரே கூடாரத்தில் படுத்தவரை மறப்பதில்லை. இது ஏன் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

முகாம் என்பது ஒரு சிறிய சமுதாயம். வீடு, தெரு, உறவினர் ஆகிய பழைய தொடர்புகள் அங்கே தற்காலிகமாக அறுந்துவிடுகின்றன. உண்பது, உறங்குவது, விளையாடுவது, வேலை செய்வது எல்லாம் அதே சில பேருடன்தான். தலைவன் உருவாகிறான், சட்டதிட்டங்கள் தாமாகவே தோன்றுகின்றன, கேலிப் பேச்சுகளுக்கும் ஒரு மரபு வந்துவிடுகிறது. பிறகு ஒருநாள் எல்லாம் கலைந்துவிடுகிறது. ஒரு சமுதாயம் பிறப்பதையும் வளர்வதையும் மூன்றே வாரங்களில் கண்முன் பார்க்க முடியுமானால், அந்த வாய்ப்பை அறிவியலறிஞர்கள் விட்டுவிடுவார்களா?

விடவில்லை. அதன் கதையைத்தான் இங்கே காணப்போகிறோம்.

கோடை முகாம் அமெரிக்காவில் வேரூன்றிய ஒரு வழக்கம். 1861இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிரடெரிக் கன் என்ற பள்ளித் தலைவர் தம் மாணவர்களை நடத்திச் சென்று கடலோரத்தில் தங்கவைத்ததையே இதன் தொடக்கமாகக் கூறுவர். நகரங்கள் பெருகப் பெருக, பிள்ளைகள் நீண்ட கோடை விடுமுறையில் சில வாரங்களாவது காட்டிலும் ஏரிக்கரையிலும் கழிக்க வேண்டும் என்ற எண்ணமும் பெருகியது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மகனை முகாமுக்கு அனுப்புவது அங்கே சாதாரண நிகழ்ச்சியாகிவிட்டது. ஆகவே 1954ஆம் ஆண்டுக் கோடையில் ஒக்லஹோமா நகரத்தைச் சேர்ந்த 22 சிறுவர்கள் பேருந்தில் ஏறியபோது, அவர்களில் எவருக்கும் எந்த ஐயமும் எழவில்லை.

அந்த முகாமை அமைத்தவர் முசாபர் ஷெரீப் என்ற சமூக உளவியலறிஞர். 1906இல் துருக்கி நாட்டின் இஸ்மிர் நகருக்கு அருகே பிறந்தவர். 1919இல் கிரேக்கப் படைகள் இஸ்மிரில் இறங்கியபோது அவர் சிறுவர். தம் அருகில் நின்றவர் கொல்லப்பட்டதையும், தாம் மயிரிழையில் தப்பியதையும் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். நேற்றுவரை அக்கம்பக்கத்தில் வாழ்ந்த மக்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வது எவ்வாறு நேர்கிறது என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அமெரிக்கா சென்று படித்தார், துருக்கிக்குத் திரும்பினார், நாஜிக் கொள்கையை எதிர்த்ததால் 1944இல் சிறையும் கண்டார். பிறகு மறுபடியும் அமெரிக்காவுக்கே குடியேறினார்.

அவருடைய புகழ்பெற்ற முதல் ஆய்வு மிக எளியது. இருட்டறையில் அசையாத ஒரு சிறு ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால் அது நகர்வதுபோல் தோன்றும். எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று தனித்தனியே கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். சிலரை ஒன்றாக அமர்த்திக் கேட்டால், அவர்களுடைய விடைகள் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கிவிடும். நகராத ஒளி எத்தனை அங்குலம் நகர்ந்தது என்பதில் ஒரு குழு உடன்பாட்டுக்கு வந்துவிடுகிறது! குழுவின் ஆற்றல் இத்தகையது என்றால், ஒரு குழு மற்றொரு குழுவைப் பகைக்கத் தொடங்கும்போது என்ன நிகழும்? இதற்கு இருட்டறை போதாது. முகாம் வேண்டியிருந்தது.

ஒக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் 200 ஏக்கர் பரப்புள்ள சாரணர் முகாம் ஒன்று கிடைத்தது. ‘கொள்ளையர் குகை’ என்பது அந்தப் பெயரின் பொருள். சிறுவர்கள் அனைவரும் 11 வயதையொட்டியவர்கள், ஒரே சமயப் பிரிவினர், நடுத்தரக் குடும்பத்தினர், படிப்பில் சராசரிக்குக் குறையாதவர்கள், ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். இந்தத் தெரிவில் ஷெரீப் மிகுந்த கவனம் செலுத்தினார். பின்னர் சண்டை மூண்டால், ‘அவன் வேறு இனம்’, ‘இவன் வீடே சரியில்லை’ என்று எவரும் காரணம் சொல்லக் கூடாதல்லவா? முகாமின் வழிகாட்டிகளாக வந்தவர்கள் ஆராய்ச்சியாளர்களே. ஷெரீப் தாமே முகாமின் பராமரிப்புப் பணியாளர்போல் துடைப்பத்துடன் உலவிக்கொண்டு, சிறுவர்களின் பேச்சுக்குக் காதுகொடுத்தார்.

சிறுவர்கள் இரண்டு பேருந்துகளில் தனித்தனியே வந்து, தனித்தனி இடங்களில் தங்கினர். முதல் வாரம் ஓர் அணி இருப்பதே மற்ற அணிக்குத் தெரியாது. ஓர் அணி ‘ராட்லர்ஸ்’ என்று பெயரிட்டுக்கொண்டது. வாலில் கிலுகிலுப்பை உள்ள நச்சுப் பாம்பின் பெயர் அது. மற்ற அணி ‘ஈகிள்ஸ்’, அதாவது கழுகுகள். ராட்லர்ஸ் முரட்டுத்தனத்தைப் பெருமையாகக் கருதினர். வலித்தாலும் முனகக் கூடாது, திட்டலாம் என்பது அவர்களுடைய எழுதாத சட்டம். ஈகிள்ஸ் அணியில் கெட்ட வார்த்தைக்கு இடமில்லை. வீட்டு ஏக்கத்தால் இருவர் திரும்பிச் சென்றுவிட, ஈகிள்ஸ் 9 பேராகக் குறைந்தது.

இரண்டாம் கட்டத்தில் போட்டிகள் தொடங்கின. பேஸ்பால், கயிறு இழுத்தல், கூடாரம் அடித்தல் எனப் பல. வெல்லும் அணிக்குக் கோப்பை, பதக்கம், ஆளுக்கொரு நான்கு அலகுப் பேனாக்கத்தி. தோற்ற அணிக்கு எதுவும் கிடையாது. ஒருவர் பெற்றால் மற்றவர் இழந்தே ஆகவேண்டும்; ஆய்வின் முடிச்சே இதுதான். தோல்வியின் எரிச்சலில் ஈகிள்ஸ் எதிரணியின் கொடியைக் கொளுத்தினர். ராட்லர்ஸ் இரவில் ஈகிள்ஸின் குடிலுக்குள் புகுந்து பொருள்களைச் சூறையாடினர். காலுறைகளில் கல்லை நிரப்பி ஆயுதமாக வைத்துக்கொண்டனர் சிலர். கைகலப்பைத் தடுக்க வழிகாட்டிகள் குறுக்கே நிற்க நேர்ந்தது.

பகை அறிவையும் எவ்வாறு மயக்குகிறது என்பதற்கு ஷெரீப் ஒரு சோதனை வைத்தார். தரையில் சிதறிக் கிடந்த அவரை விதைகளை இரு அணியினரும் பொறுக்கினர். பிறகு ஒவ்வொருவரும் பொறுக்கியது என்று சொல்லி, விதைகளைத் திரையில் சில விநாடிகள் காட்டி, எத்தனை இருக்கும் என்று கேட்டனர். உண்மையில் ஒவ்வொரு முறையும் திரையில் தெரிந்தவை அதே 35 விதைகள்! தம் அணிக்காரன் பெயரைச் சொன்னபோது சிறுவர்கள் கூடுதலாக மதிப்பிட்டனர். எதிரணிக்காரன் பெயருக்குக் குறைத்து மதிப்பிட்டனர். பொய் சொல்ல வேண்டும் என்று எவனும் நினைக்கவில்லை. கண்ணே அப்படிக் கண்டது.

இனிப் பகையைத் தீர்க்க வேண்டும். இருவரையும் ஒன்றாக உட்கார்த்திச் சாப்பாடு போட்டால் போதும் என்று நீங்களும் நானும் நினைப்போம். அதையும் செய்து பார்த்தனர். உணவும் காகிதக் குப்பையும் மேசைக்கு மேசை பறந்ததுதான் மிச்சம். பிறகு ஒருநாள் முகாமில் குடிநீர் நின்றுபோனது. தொட்டிவரை சென்று பார்த்தால் குழாயின் வாயில் சாக்குத் துணி அடைத்துக் கிடந்தது. அடைத்தவர்கள் ஆய்வாளர்கள்தாம். இரு அணியும் சேர்ந்து முயன்று அதை எடுத்தனர். அடுத்து, ‘டிரெஷர் ஐலண்ட்’ திரைப்படம் பார்க்க இரு அணியும் பணம் சேர்த்தால்தான் முடியும் என்ற நிலை. அதற்கும் ஒத்துக்கொண்டனர். பின்னர் உணவு வாங்கிவர வேண்டிய லாரி ‘கிளம்ப மறுத்தது’. சிறுவர்கள் அதில் கயிற்றைக் கட்டி இழுத்தனர். சில நாள்களுக்கு முன் எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிறு.

ஒரே நாளில் பகை மறையவில்லை. ஆனால் அளவிட்டுப் பார்த்தபோது மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. நண்பர் யார் என்று கேட்டதற்கு, சண்டை உச்சத்தில் இருந்தபோது எதிரணியில் ஒருவனைச் சொன்னது இரு அணியிலும் நூற்றுக்கு 6 அல்லது 7 அளவே. இறுதியில் ராட்லர்ஸில் அது 36 ஆகவும் ஈகிள்ஸில் 23 ஆகவும் உயர்ந்தது. திரும்பும்போது எல்லாரும் ஒரே பேருந்தில் செல்ல விரும்பினர். வழியில் நின்ற இடத்தில், ராட்லர்ஸ் தங்கள் பரிசுப் பணம் 5 டாலரைச் செலவிட்டு, ஈகிள்ஸுக்கும் சேர்த்து மால்ட் கலந்த பால் வாங்கிக் கொடுத்தனர்.

ஒற்றுமை அறிவுரையால் வருவதில்லை, இரு தரப்பும் சேர்ந்தாலன்றி முடியாத வேலையால் வருகிறது என்ற கருத்து உலகெங்கும் பாடநூல்களில் ஏறியது. 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளையினக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் அமரத் தொடங்கி மோதல் எழுந்தபோது, எலியட் ஆரன்சன் இதே அடிப்படையில் ஒரு பாடமுறையை வகுத்தார். பாடத்தின் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு குழந்தையிடம் இருக்கும். மற்றவர் சொல்வதைக் கேட்காமல் பாடம் முழுமையாகாது. இன்றும் பல நாடுகளில் இம்முறை வழக்கில் இருக்கிறது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் மகிழலாம். ஆனால் ராபர்ஸ் கேவுக்கு ஓராண்டு முன்னர், 1953இல், நியூயார்க் மாநிலத்தின் மிடில் குரோவில் ஷெரீப் நடத்திய மற்றொரு முகாம் பாதியிலேயே கலைந்துபோனது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. ஆஸ்திரேலிய உளவியலறிஞரும் எழுத்தாளருமான ஜினா பெர்ரி, ஓஹையோ மாநிலத்தின் அக்ரான் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படும் ஆவணங்களைப் புரட்டியும், முதியவர்களாகிவிட்ட அந்தச் சிறுவர்களைத் தேடிக் கண்டும் 2018இல் எழுதிய நூலால் அது பரவலாகத் தெரியவந்தது.

மிடில் குரோவில் சிறுவர்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டு, நண்பர்களான பிறகு இரண்டு அணிகளாகப் பிரித்தனர். சண்டை மூட்டுவதற்காக வழிகாட்டிகளே ஓர் அணியின் கூடாரத்தைச் சாய்த்துவிட்டுப் பழி மற்ற அணிமேல் விழும் என்று காத்திருந்தனர். விழவில்லை. ‘நாங்கள் செய்யவில்லை’ என்று எதிரணியினர் சத்தியம் செய்தனர். பாதிக்கப்பட்டவர்கள் அதை நம்பினர். ஐயம் பெரியவர்கள் பக்கமே திரும்பியது. எனக்கு இந்த ஆய்வு வரிசை முழுவதிலும் மிக முக்கியமாகத் தோன்றும் இடம் இதுதான். முன்பே நண்பர்களாக இருந்தவர்களை அவ்வளவு எளிதில் பகைவராக்க முடியவில்லை. அறிவியல் நோக்கில் இதுவும் ஒரு முடிவே. ஷெரீபுக்கோ இது தோல்வியாகப்பட்டது.

அப்போது உண்மையில் மோதிக்கொண்டவர்கள் யார் தெரியுமா? ஆய்வாளர்கள்! ஷெரீப் நிதானமிழந்து உதவியாளர் ஒருவரை அடிக்கப் போகும் அளவுக்குச் சென்றார் என்று பெர்ரியின் நூல் கூறுகிறது. நாள்தோறும் சிறுவர்களோடு உண்டு உறங்கிய வழிகாட்டிகளுக்கு, அவர்களை மூட்டிவிடும் வேலையும் அவர்களைக் காக்கும் வேலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. முகாம் சிறுவர்களை மட்டுமா தன் வசப்படுத்துகிறது? குறிப்பேடும் கையுமாக நிற்பவரையும்தான். ராபர்ஸ் கேவில் ஆட்ட மதிப்பெண்களைக்கூடச் சமநிலை குலையாதபடி பெரியவர்கள் கணக்கிட்டு அளித்ததை நினைத்தால், அங்கே கிளைத்த பகையில் எவ்வளவு சிறுவர்களுடையது, எவ்வளவு பெரியவர்கள் நட்டது என்று பிரித்துக் காண்பது எளிதன்று.

வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆப் தி ஃபிளைஸ்’ நாவல் வெளிவந்ததும் அதே 1954இல்தான். பெரியவர்கள் இல்லாத தீவில் சிறுவர்கள் கொடியவர்களாவதைச் சொல்லும் கதை அது. ராபர்ஸ் கேவைப் பற்றிப் பேசுவோர் இந்த நாவலை நினைவுகூராமல் இருப்பதில்லை. எனக்கென்னவோ இந்த ஒப்புமை பொருத்தமாகப் படவில்லை. ராபர்ஸ் கேவில் பெரியவர்கள் இல்லாத நேரமே இல்லை.

பெர்ரி தேடிச் சென்றபோது, அந்தச் சிறுவர்களில் பலருக்குத் தாங்கள் ஓர் ஆய்வின் பொருளாக இருந்ததே தெரியாது. ஏறத்தாழ அறுபதாண்டுகளாக அது அவர்களுக்கு வெறும் கோடை முகாம். புரியாத சில நிகழ்ச்சிகள் நிறைந்த முகாம். தண்ணீர் ஏன் நின்றது, கூடாரத்தைச் சாய்த்தது யார் என்பவற்றுக்கு முதுமையில்தான் விடை கிடைத்தது. அவர்களிடம் சொல்ல ஷெரீபும் அப்போது உயிருடன் இல்லை. 1988இல் அலாஸ்காவில் காலமாகிவிட்டார்.

மனிதரைக் கொண்டு நடத்தும் ஆய்வுகளுக்கு அமெரிக்கா 1974இல் சட்டம் இயற்றியது. 1979இல் வெளியான பெல்மாண்ட் அறிக்கை அதற்குரிய நெறிகளை வகுத்தது. இன்று இத்தகைய ஆய்வு நடத்த விரும்புபவர் முதலில் ஒரு நெறிமுறைக் குழுவின் முன் நிற்க வேண்டும். பெற்றோரிடம் முழு விவரத்தையும் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அதன் பிறகு, 11 வயதுப் பையனிடமும் அவனுக்குப் புரியும் மொழியில் கேட்க வேண்டும். அவன் மாட்டேன் என்றால் பொதுவாக அவனை விட்டுவிடத்தான் வேண்டும்.