துளையைவிடப் பருத்த கம்பி

முறுக்கு அச்சில் மாவைப் பிழிவதை நாம் பார்த்திருக்கிறோம். பிளாஸ்டிக் குழாயும் செயற்கை நூலிழையும் ஏறத்தாழ இவ்வாறே உருவாகின்றன. உருகிய பொருளை அச்சின் துளை வழியே அழுத்தித் தள்ளுகிறார்கள். ஆனால் இங்கே ஒரு விந்தை உண்டு. 1 சென்டிமீட்டர் துளையிலிருந்து வரும் கம்பி 2 சென்டிமீட்டர் அளவுக்குக்கூடப் பருத்துவிடலாம். சதுரத் துளையிலிருந்து வரும் கம்பியின் பக்கங்கள் புடைத்துவிடும். சதுரக் கம்பி வேண்டுமானால், துளையின் பக்கங்களை உள்நோக்கி வளைத்து வெட்ட வேண்டும். எவ்வளவு வளைப்பது? கணக்குத் தவறினால் எஃகு அச்சு வீண்.

1893இல் அமெரிக்க இயற்பியலறிஞர் கார்ல் பேரஸ், கப்பல் பலகைகளின் இடுக்குகளை அடைக்கும் பசையைக் குழாய் வழியே அழுத்தி ஆராய்ந்தார். இப்பருத்தல் இன்று அவர் பெயரால் 'பேரஸ் விளைவு' எனப்படுகிறது. பிளாஸ்டிக் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். குறுகிய துளையில் அவை இழுபட்டு நீள்கின்றன. வெளியே வந்ததும் ரப்பர் போலச் சுருங்குகின்றன. நீளம் குறைவதால் தடிமன் கூடுகிறது.

அப்படியானால், மீள்தன்மை இல்லாத கிளிசரின் போன்ற நீர்மம் பருக்கக் கூடாதல்லவா? 1961இல் மிடில்மன், கேவிஸ் இருவரும் அளந்து பார்த்தனர். மிக மெதுவாகப் பாயும்போது அத்தகைய நீர்மமும் சுமார் 13 சதவீதம் பருத்தது! குழாய்க்குள் சுவரை ஒட்டிய அடுக்கு அசையாது நிற்கிறது. நடு அடுக்கு விரைகிறது. வெளியே வந்ததும் எல்லா அடுக்குகளும் ஒரே வேகம் பெற வேண்டும். இந்தச் சீரமைப்பே பருத்தலுக்குக் காரணம்.

இதைக் கணக்கிடுவது எளிதன்று. தாரையின் வடிவம் தெரிந்தால்தான் பாய்வைக் கணக்கிடலாம். பாய்வு தெரிந்தால்தான் வடிவம் தெரியும். 1974இல் நிக்கல், டானர், காஸ்வெல் ஆகியோர் பாயும் பகுதியைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணிப்பொறியிடம் கொடுத்தனர். வடிவத்தை முதலில் ஊகித்து, கணக்கிட்டு, மீண்டும் மீண்டும் திருத்தினர். விடை 13 சதவீதத்தை ஒட்டி வந்தது.

அடுத்து மீள்தன்மை உள்ள நீர்மங்களுக்கு வந்தனர். அங்கே கணிப்பொறி திணறியது. மீள்தன்மையின் பங்கைக் குறிக்கும் வைசன்பர்க் எண் ஓர் எல்லையைத் தாண்டியதும் கணக்கு சிதறியது. கட்டங்களைச் சிறிதாக்கினால் துல்லியம் கூடுவதே வழக்கம். இங்கோ பல வேளைகளில் கணக்கு இன்னும் விரைவில் முறிந்தது! பிழை இயற்பியல் சமன்பாட்டிலா, கணக்கிடும் முறையிலா? முப்பது ஆண்டுகளாக இக்கேள்வி அறிஞர்களை வாட்டியது.

2004இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் ஃபத்தால், குப்பர்மன் இருவரும் ஒரு வழி காட்டினர். சில இடங்களில் தகைவு 1, 10, 100, 1000 என மடங்கு மடங்காக ஏறுகிறது. கட்டத்துக்குள் பயன்படுத்தும் எளிய பல்லுறுப்புக் கோவைகளால் இந்த ஏற்றத்தைப் பின்தொடர இயலவில்லை. அவர்கள் மூலக்கூறுகளின் நீட்சியைக் குறிக்கும் அளவுக்குப் பதிலாக அதன் மடக்கையைக் கணக்கிட்டனர். 1, 10, 100, 1000 என்பது 0, 1, 2, 3 ஆகிவிட்டது! பழைய எல்லைக்கு அப்பாலும் கணக்கு முறியாமல் நடந்தது.

துளையின் விளிம்பில் தகைவு மிகச் செங்குத்தாக உயர்வதால், அங்கே துல்லியம் பெறுவது இன்றும் கடினமே. எனினும் முறிவின் பெரும்பழி சமன்பாட்டின் மீதன்று, கணக்கிட்ட முறையின் மீதே என்பது தெளிவாயிற்று. மடக்கையால் என்ன பயன் என்று வகுப்பில் மாணவர் கேட்பதுண்டு. இனி அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.