முதலிடமும் கடைசியிடமும்: 1974 யூரோவிஷனின் இரண்டு பாடல்கள்

பாட்டுப் போட்டியில் வென்ற பாடலைத் திரும்பிப் பார்ப்பவர்கள் அதை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு பேசுவது வழக்கம். ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் 1974-இல் வென்ற, ஸ்வீடனின் ஆபா குழு பாடிய 'வாட்டர்லூ'வைப் பற்றி அப்படிப் பேசப்பட்டது ஏராளம். அதே இரவில், அதே மேடையில், கடைசி இடம் பெற்ற ஒரு பாடலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே கூடுதலாக விளங்குகின்றன. போர்ச்சுகலுக்காகப் பாவ்லு தெ கார்வால்யு பாடிய அந்தப் பாடலின் பெயர் 'இ தெபோயிஸ் தொ அதெயுஸ்'. 'விடைபெற்ற பின்' என்று பொருள்.

ஒன்று உலகச் சந்தையை வென்றது. மற்றொன்று, போட்டி முடிந்த மூன்றாம் வாரத்திலேயே, 48 ஆண்டுக் கால சர்வாதிகாரத்தின் முடிவைத் தொடங்கிவைத்தது. ஒரு பாடலின் ஆற்றல் அதற்குள்ளேயே இருக்கிறதா, கேட்கிறவர்களின் காலத்திலிருந்து வருகிறதா? இதற்கு விடை தேட இந்த இரண்டைவிடப் பொருத்தமான இணையை நான் அறியேன்.

ஒரே மேடை, ஒரே விதி

1972, 1973 ஆகிய இரண்டு ஆண்டுகளும் வென்ற லக்சம்பர்க், செலவைக் காரணம் காட்டி 1974 போட்டியை நடத்த மறுத்துவிட்டது. பிபிசி அதை ஏற்று, இங்கிலாந்தின் தென்கரை நகரமான பிரைட்டனின் டோம் அரங்கில் ஏப்ரல் 6 அன்று நடத்தியது. 17 நாடுகள் பாடின. பிரெஞ்சு அதிபர் ஜார்ஜ் பொம்பிடு ஏப்ரல் 2-ஆம் தேதி இறந்ததால் பிரான்ஸ் விலகிக்கொண்டது.

அந்த ஆண்டின் வாக்குமுறையைப் புரிந்துகொண்டால்தான் முடிவைச் சரியாக எடைபோட முடியும். ஒவ்வொரு நாட்டிலும் பத்து நடுவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வாக்கு. தமக்கு மிகப் பிடித்த ஒரு பாடலுக்கு, தம் நாட்டுப் பாடலைத் தவிர்த்து, அதைப் போட வேண்டும். இரண்டாவதாகப் பிடித்த பாடலுக்கு எதுவும் கிடையாது. ஆகவே ஒரு பாடல் பெறக்கூடிய வாக்குகள் அதிகபட்சம் 160. ஆபா பெற்றது 24. இரண்டாம் இடம் வந்த இத்தாலியின் ஜில்யோலா சிங்க்வெட்டிக்கு 18. போர்ச்சுகலுக்கு 3, அதே எண்ணிக்கையோடு ஜெர்மனி, நார்வே, சுவிட்சர்லாந்து ஆகியவையும் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டன.

வென்ற பாடலைக்கூட முதலிடத்தில் வைத்தவர்கள், அதற்கு வாக்களிக்க முடிந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர்தான். போட்டியை நடத்திய பிரிட்டனின் பத்து நடுவர்களில் ஒருவர்கூட அதற்கு வாக்களிக்கவில்லை. முதலிடத்துக்கும் கடைசியிடத்துக்கும் இடைவெளி 21 பேர். 'மாபெரும் வெற்றி', 'படுதோல்வி' என்ற சொற்களை இந்த எண்களோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இரண்டும் தோல்வியைப் பாடியவை

பொருளளவில் இந்த இரண்டு பாடல்களும் நாம் எதிர்பார்ப்பதைவிட நெருக்கமானவை. இரண்டும் காதல் பாடல்கள். இரண்டிலும் பாடுகிறவர் தோற்றவர். காதலில் வெல்வதும் தோற்பதும் ஒன்றோடொன்று பின்னியவை என்ற எண்ணம் இரண்டிலும் வருகிறது.

'வாட்டர்லூ'வில் ஒரு பெண், 1815-இல் நெப்போலியன் வாட்டர்லூ போர்க்களத்தில் தோற்றதைத் தன் நிலையோடு ஒப்பிடுகிறாள். எதிர்த்துப் பார்த்தேன், முடியவில்லை, உன்னிடம் தோற்றதே வென்றதுபோல் இருக்கிறது என்பது அவள் பேச்சின் சாரம். தோல்வியை ஒரு கொண்டாட்டமாக்குவதுதான் பாடலின் முழு வேலை. குழுவின் பென்னி ஆண்டர்சனும் பியோர்ன் உல்வேயஸும் இசையமைக்க, அவர்களுடைய மேலாளர் ஸ்டிக் ஆண்டர்சன் வரிகளில் பங்களித்தார். எல்லா நாட்டு நடுவர்களும் பள்ளிப் பாடத்திலேயே அறிந்திருந்த ஓர் இடப்பெயரைப் பல்லவியாக்கியது மிகத் தெளிவான தேர்வு.

ஜுசே நீசா எழுதி ஜுசே கல்வாரியு இசையமைத்த போர்ச்சுகீசியப் பாடலில் பேசுவது கைவிடப்பட்ட ஓர் ஆண். நான் யார், இங்கே என்ன செய்கிறேன், என்னை விட்டுப் போனது யார் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். வரலாற்றுப் பெயர் ஏதுமில்லை, விளையாட்டும் இல்லை. பிரிந்த பிறகு எஞ்சும் வெறுமையை நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகிறான். முதல் பாடலில் தோல்வி ஒரு முடிவு. அங்கிருந்து மகிழ்ச்சி தொடங்குகிறது. இரண்டாவதில் தோல்வி ஒரு கேள்வி. அதற்குப் பாடலுக்குள் விடை கிடையாது.

ஒரே முறை கேட்பதற்காகக் கட்டிய பாட்டு

இசைக் கட்டில்தான் இரண்டும் முழுதாகப் பிரிகின்றன. யூரோவிஷன் நடுவருக்கு ஒரு பாடலைப் பற்றி முடிவெடுக்க இருப்பது ஏறத்தாழ மூன்று நிமிடம். 'வாட்டர்லூ' அந்த மூன்று நிமிடத்துக்கென்றே வடிக்கப்பட்டது. இடிக்கும் பியானோ, அதன் மேல் சாக்சபோன், இரண்டு பெண்குரல்கள் ஒன்றாக எழும் பல்லவி. அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் பாணியில் ஒலியை அடுக்கடுக்காகச் சேர்த்துத் தடிப்பாக்கும் முறையை ஒலிப்பதிவாளர் மைக்கேல் டிரெட்டோ ஆபாவின் பதிவுகளில் கையாண்டார்.

இதற்கு முந்தைய ஆண்டு 'ரிங் ரிங்' பாடலோடு ஸ்வீடன் தேர்வுச் சுற்றில் இறங்கி மூன்றாம் இடத்தோடு திரும்பியவர்கள் ஆபா குழுவினர். 1974-க்கு 'ஹஸ்தா மன்யானா' என்ற மெதுவான பாடலையும் எண்ணிப் பார்த்தார்கள். அதில் குழுவின் இரண்டு பாடகியரில் அக்னெத்தாவின் குரல் மட்டுமே முன்னணியில் இருந்தது. அக்னெத்தா, அன்னி-ஃப்ரிட் இருவரும் சேர்ந்து பாடுவதால் 'வாட்டர்லூ'வைத் தேர்ந்தார்கள். குழுவாகத் தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி. நால்வரோடு டிரம்ஸ், பேஸ் கிட்டார் வாசிப்பவர்களைச் சேர்த்து ஆறு இடங்களையும் நிரப்பினார்கள். பளபளக்கும் உடை, வெள்ளிநிற பூட்ஸ், நட்சத்திர வடிவக் கிட்டார். இசைநடத்துநர் ஸ்வென்-ஓலோஃப் வால்டோஃப் நெப்போலியன் வேடத்திலேயே வந்து நின்றார். ஒலி புரியாதவருக்கும் காட்சி புரிந்தது.

பாவ்லு தெ கார்வால்யுவின் பாடல் அன்றைய யூரோவிஷனின் பழகிய வழியில் நடந்தது. இசைக்குழுவின் துணையோடு மெல்லத் தொடங்கி, படிப்படியாகக் குரல் உயர்ந்து, உச்சத்தில் முடியும் பாடல் அது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல குரல், நேர்த்தியான மெட்டு. ஆனால் வரிகள் புரிந்தவருக்கே அந்தப் படிப்படியான ஏற்றத்தின் காரணம் புரியும். ஒருவர் ஒரே ஒரு பாடலுக்கு மட்டும் வாக்களிக்கும் முறையில், பலருக்குக் கொஞ்சம் பிடித்த பாடல் பலனின்றிப் போகிறது.

மொழி ஒரு காரணம், முழுக் காரணம் அல்ல

1973 முதல் 1976 வரை எந்த மொழியிலும் பாடலாம் என்ற சலுகை இருந்தது. உள்நாட்டுத் தேர்வில் ஸ்வீடிஷ் மொழியில் பாடிய ஆபா, பிரைட்டனில் ஆங்கிலத்துக்கு மாறியது. போர்ச்சுகல் தன் மொழியிலேயே நின்றது. வெற்றிதோல்வியின் விளக்கம் இதுதான் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் நார்வேயும் அன்று ஆங்கிலத்தில்தான் பாடியது. அதற்கும் 3 வாக்குகளே. இத்தாலி இத்தாலிய மொழியில் பாடி இரண்டாம் இடம் வந்தது. ஆங்கிலம் ஆபாவுக்குக் கதவைத் திறந்தது உண்மை. உள்ளே கொண்டுபோனது பாடலின் கட்டுதான்.

பதினெட்டு நாள் கழித்து

ஏப்ரல் 24 இரவு 10.55. லிஸ்பனின் எமிசோரெஸ் அசோசியாதோஸ் வானொலியில் அறிவிப்பாளர் ஜொவாவ் பாவ்லு தினிஸ், பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருப்பதாக நேரம் சொன்னார். யூரோவிஷன் 74 என்று குறிப்பிட்டு, 'இ தெபோயிஸ் தொ அதெயுஸ்' பாடலை ஒலிக்கவிட்டார். வீட்டில் கேட்டவர்களுக்கு அது வழக்கமான இரவுப் பாட்டு. படைமுகாம்களில் காத்திருந்த இளம் அதிகாரிகளுக்கு அது 'ஆயத்தமாகுங்கள்' என்ற ஆணை.

அங்கோலாவில் 1961-இலும், கினி-பிசாவில் 1963-இலும், மொசாம்பிக்கில் 1964-இலும் தொடங்கிய காலனிப் போர்களில் போர்ச்சுகல் தன் இளைஞர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்தப் போர்களில் சலித்த அதிகாரிகள் 'ஆயுதப் படைகள் இயக்கம்' என்று ஒன்றுதிரண்டார்கள். மார்ச் 16-ஆம் தேதி கால்தாஸ் த ராய்ன்யா முகாமிலிருந்து எழுந்த ஒரு முயற்சி தோற்றிருந்தது. இந்த முறை எல்லா முகாம்களும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும். திட்டத்தை நடத்திய ஓத்தெலு சரைவா தெ கார்வால்யுவுக்கு வானொலியே சரியான கருவியாகப் பட்டது.

லிஸ்பன் நிலையத்தின் ஒலி நாடு முழுக்க எட்டாது. ஆகவே ரேடியோ ரெனாசென்சாவில் நள்ளிரவு தாண்டி 12.20-க்கு இரண்டாம் சைகை வந்தது: ஜுசே அஃபோன்சுவின் 'கிராந்துலா, விலா மொரேனா'. அது 'புறப்படுங்கள், இனித் திரும்புதல் இல்லை' என்று பொருள்பட்டது. விடிவதற்குள் சந்தாரெங் குதிரைப்படைப் பள்ளியின் கவச வாகனங்கள் தலைநகருக்குள் வந்துவிட்டன. மாலையில் பிரதமர் மார்செலு கைத்தானு கார்மு முகாமில் அதிகாரத்தை ஒப்படைத்தார். இரகசியப் போலீசின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். துப்பாக்கிக் குழல்களில் சிவப்புக் கார்னேஷன் பூக்களைச் செருகிய மக்களால் அந்த நாளுக்குக் 'கார்னேஷன் புரட்சி' என்ற பெயர் வந்தது.

இந்த இடத்தில் இரண்டு பாடல்களின் ஒப்பீடு தலைகீழாகிறது. இரகசியச் சைகையாகும் பாட்டு எல்லோரும் அறிந்ததாக இருக்க வேண்டும். அந்த வாரம் வானொலியில் வருவது இயல்பாகத் தோன்ற வேண்டும். தணிக்கையாளரின் நீலப் பென்சில் தேடும் எதுவும் அதில் இருக்கக் கூடாது. நாட்டின் சார்பில் போட்டிக்குப் போய்வந்த காதல் பாடல் இந்த மூன்று தகுதியையும் ஒருசேரக் கொண்டிருந்தது. மூன்று வாக்கு மட்டுமே பெற்றுத்தந்த அந்தச் சாதாரணத் தன்மைதான் இங்கே அதன் பலம். யூரோவிஷன் அதைத் தோற்கடித்தது. அதே யூரோவிஷன்தான் அதை ஒலிபரப்புவதற்கு ஐயமற்ற காரணமும் கொடுத்தது.

இத்தாலியில் இதற்கு நேர்மாறு நடந்தது. மே 12-இல் விவாகரத்துச் சட்டம் பற்றிய பொதுவாக்கெடுப்பு இருந்தது. சிங்க்வெட்டியின் பாடல் பெயரே 'ஆம்'. வாக்காளர்களைத் தூண்டிவிடும் என்று அஞ்சிய அரசுத் தொலைக்காட்சியான ராய், போட்டியை அன்று ஒளிபரப்பவே இல்லை. ஒரே இரவின் இரண்டு காதல் பாடல்கள்: ஒன்றில் இல்லாத அரசியலைக் கண்டு அரசு நிறுவனம் பயந்தது, மற்றொன்றில் வரப்போகும் அரசியலைக் காணாமல் ஓர் அரசே வீழ்ந்தது.

பிந்தைய வாழ்வு

'வாட்டர்லூ' பிரிட்டனில் முதலிடமும் அமெரிக்காவில் ஆறாம் இடமும் பிடித்தது. ஆபாவின் பாடல்களைக் கோத்த 'மம்மா மியா' இசைநாடகம் லண்டனில் அரங்கேறியது 1999 ஏப்ரல் 6, பிரைட்டன் இரவின் வெள்ளிவிழா நாளில். யூரோவிஷனின் ஐம்பதாண்டு நிறைவுக்காக 2005-இல் கோபன்ஹேகனில் நடந்த நிகழ்ச்சியில் அந்தப் போட்டியின் தலைசிறந்த பாடலாகவும் அது தேர்வானது. எந்த நாட்டில் ஒலித்தாலும் அதன் பொருள் மாறுவதில்லை. கேட்கிறவரிடம் எந்த முன்னறிவும் கேட்காமல் மகிழ்ச்சியைத் தருகிறது. இது எளிய சாதனை அல்ல. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

போர்ச்சுகீசியப் பாடலோ தன் எல்லைக்குள்ளேயே வாழ்கிறது. அதன் பொருள் மட்டும் முற்றிலும் மாறிவிட்டது. பிரிந்த காதலியைப் பற்றிக் கேட்ட கேள்விகளை இன்றைய போர்ச்சுகல் ஒரு நாட்டின் கேள்விகளாகக் கேட்கிறது. ஆபா வென்றதால் 1975 போட்டி ஸ்டாக்ஹோமுக்குப் போனது. அந்த மேடையில் போர்ச்சுகலுக்காக 'மத்ருகாதா', அதாவது 'விடியற்காலை', என்ற பாடலைப் பாடிய துவார்த்தே மெந்தெஸ், புரட்சியில் பங்கேற்ற இராணுவக் கேப்டன். அந்த முறை அரசியல் ஒளியாமல் மேடைக்கு வந்தது. 1964-இல் போட்டியில் நுழைந்த போர்ச்சுகல், 2017-இல்தான் சல்வடோர் சோப்ரலின் பாடலால் முதன்முறை வென்றது. அதுவும் போர்ச்சுகீசிய மொழியில், ஆடம்பரம் ஏதுமின்றி.

ஒப்பிட்டுக் கண்டது

'வாட்டர்லூ' தன் பொருளைத் தன்னோடு சுமந்து செல்லும் பாடல். யார் கேட்டாலும் அதையே தரும்படி அதைச் செய்தவர்கள் செய்துவைத்தார்கள்; அதனால் அறிமுகமில்லாதவர்களின் போட்டியில் அது வென்றது, நியாயமாகவே வென்றது. 'இ தெபோயிஸ் தொ அதெயுஸ்' தன் பொருளைக் கேட்டவர்களிடமிருந்து பெற்ற பாடல். எழுதியவர் நினைக்காததை, பாடியவர் அறியாததை, ஒரு தலைமுறை அதில் வைத்தது. முதல் வகைக்குத் தேவை கலைஞரின் கைத்திறன். இரண்டாம் வகைக்கு அதோடு வரலாறும் ஒத்துழைக்க வேண்டும்.

இரண்டில் எது பெரியது என்று புள்ளிப்பட்டியலால் சொல்ல முடியாது. ஓர் இரவில் 170 பேர் எதை முதலில் வைத்தார்கள் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். வென்ற பாடலைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் அந்தப் பட்டியலைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். நம்மூர்த் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளுக்கும் இது பொருந்தும்.