படத்துக்கு ஹங், பகத்சிங்குக்கு ஹேங்டு

பகத்சிங்கின் படம் சுவரில் மாட்டப்பட்டிருந்தால் ஆங்கிலத்தில் 'ஹங்'. 1931 மார்ச் 23 அன்று லாகூரில் அவர் தூக்கிலிடப்பட்டதைச் சொல்ல 'ஹேங்டு'. 'ஹேங்' என்ற ஒரே வினைக்கு ஏன் இரண்டு பாஸ்ட் பார்ட்டிசிபிள்?

பழைய ஆங்கிலத்தில் வினையே இரண்டு: தொங்கவிடுவதற்கு 'ஹோன்', தொங்குவதற்கு 'ஹாங்கியன்'. நார்ஸ் மொழியின் உறவுச் சொற்களும் வந்து கலக்க, எல்லாம் ஒரே வினையாகிவிட்டன. 16ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்து வழக்கிலிருந்து 'ஹங்' பரவி, 'ஹேங்டு' வடிவத்தை மெல்ல ஒதுக்கியது. நீதிமன்றம் மட்டும் பழையதை விடவில்லை. தீர்ப்பு வாசகம் லேசில் மாறாதே! இந்தியாவில் 2024 வரை நடப்பிலிருந்த 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், 354(5) பிரிவிலும் மரண தண்டனைக்கு 'ஹேங்டு'தான் இருந்தது.

தூக்கிலிடுதலுக்கும் 'ஹங்' எழுதுவோர் ஆங்கிலேயரிலேயே உண்டு. அகராதிகளும் அதைப் பதிவு செய்கின்றன. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. தமிழில் சட்டையை மாட்டுகிறோம், விளக்கைத் தொங்கவிடுகிறோம். மனிதரைத் தூக்கிலிடுவதற்குத் தனிச் சொல் வைத்திருக்கிறோம். 'ஹேங்டு' என்று எழுதும்போது அந்த வேறுபாடு ஆங்கிலத்திலும் நிற்கிறது.