வெளிநாட்டு க்ரூஸ் பயணம்: கொடுக்கிற காசுக்கு ஒர்த்தா? டிக்கெட்டில் தெரியாத செலவுகள் என்னென்ன?

சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து கப்பல் ஏறி, மூன்று இரவு கடலில் சுற்றிவிட்டுத் திரும்புவது. டிராவல் ஏஜென்சி விளம்பரங்களில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் பேக்கேஜ் இது. தங்கும் அறை, மூன்று வேளை சாப்பாடு, நீச்சல் குளம், இரவு நேர ஷோ எல்லாமே ஒரே டிக்கெட்டில் அடக்கம் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு குடும்பம் சேர்த்து வைத்த பணத்தை இதில் போடும்போது, உண்மையான பில் எவ்வளவு வரும், அதே பணத்தில் தரை வழியாகவே ஊர் சுற்றினால் என்ன என்ற கேள்விகளுக்கு விளம்பரத்தில் பதில் இருக்காது.

போய் வந்தவர்கள் என்ன நினைக்கிறார்கள்?

உலகம் முழுக்க 2023ஆம் ஆண்டில் சுமார் 3.17 கோடி பேர் க்ரூஸ் பயணம் போயிருக்கிறார்கள். கொரோனாவுக்கு முந்தைய 2019ஆம் ஆண்டின் எண்ணிக்கையை விட இது அதிகம். ஒருமுறை போனவர்களில் 82 சதவீதம் பேர் மறுபடியும் போவோம் என்று சொன்னதாக 'கிளியா' எனும் சர்வதேச க்ரூஸ் நிறுவனங்களின் சங்கம் 2024 அறிக்கையில் கூறியது. இது கப்பல் கம்பெனிகளின் சொந்த அமைப்பு என்பதை மறந்துவிட வேண்டாம். ஆனாலும் போனவர்களில் கணிசமானவர்கள் திருப்தியாகத்தான் இறங்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் திருப்தி எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் மயாமியில் இருப்பவர் காரை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கே போய் ஏறிவிடலாம். திருச்சியில் இருப்பவருக்கு கப்பல் செலவுக்கு முன்பே விமானம், விசா, ஹோட்டல் என்று ஒரு தனி செலவு இருக்கிறது. அவர்களுக்கு மலிவாகத் தெரியும் அதே கப்பல் நமக்கு மலிவு கிடையாது.

விளம்பர விலையில் இருக்கும் சூட்சுமம்

'ஒருவருக்கு இவ்வளவு' என்று போட்டிருக்கும் விலை, ஒரு அறையில் இரண்டு பேர் தங்குவார்கள் என்ற கணக்கில் போடப்பட்டது. தனியாகப் போகிறவர் பெரும்பாலான கப்பல்களில் கிட்டத்தட்ட இரண்டு பேருக்கான கட்டணத்தைக் கட்ட வேண்டி வரும். அந்த விலை பெரும்பாலும் ஜன்னலே இல்லாத உள் அறைக்கானது. பால்கனி அறை என்றால் விலை வேறு. துறைமுகக் கட்டணமும் வரிகளும் அதில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

டிக்கெட்டை ஏன் இப்படி விலை குறைத்துக் காட்டுகிறார்கள்? உலகின் மிகப்பெரிய க்ரூஸ் நிறுவனமான கார்னிவல் 2023இல் ஈட்டிய வருமானம் சுமார் 2,160 கோடி டாலர். அதில் சுமார் 750 கோடி டாலர் டிக்கெட் விற்று வந்ததல்ல. குடிபானம், கேசினோ, வைஃபை, கரையில் சுற்றுலா என்று கப்பல் ஏறிய பிறகும் அதைச் சுற்றியும் செலவழிக்கப்பட்ட பணம் அது. 100 ரூபாய் வந்தால் 35 ரூபாய் அப்படி வருகிறது. டிக்கெட் என்பது வாசல் கட்டணம் மாதிரிதான். வியாபாரத்தில் கணிசமான பங்கு உள்ளே நடக்கிறது.

டிப்ஸ் கொடுப்பது நம் விருப்பம் இல்லையா?

பெயர்தான் டிப்ஸ். பெரிய அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 16 முதல் 20 டாலர் வரை தானாகவே உங்கள் கணக்கில் ஏறும். பெரும்பாலும் குழந்தைகளுக்கும் உண்டு. ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். நான்கு பேர் கொண்ட குடும்பம், மூன்று இரவு, ஆளுக்கு 18 டாலர் என்றால் மொத்தம் 216 டாலர். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 19,440 ரூபாய். எதையும் கூடுதலாகச் சாப்பிடாமல், வாங்காமல், சும்மா கப்பலில் இருந்ததற்கே இவ்வளவு.

சில கப்பல்களில் வரவேற்பு கவுன்ட்டருக்குப் போய் இதை நீக்கச் சொல்லலாம். ஆனால் அறையைச் சுத்தம் செய்பவர், உணவு பரிமாறுபவர் ஆகியோரின் சம்பளத்தில் பெரும்பகுதி இந்தப் பணத்திலிருந்துதான் போகிறது. அவர்களில் இந்தியர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், இந்தோனேசியர்கள் நிறைய பேர். எனவே இதைத் தவிர்க்கும் வழியைத் தேடுவதை விட, டிக்கெட் விலையோடு முதலிலேயே சேர்த்துப் பார்ப்பது நியாயம்.

வைஃபை, குடிபானம், கார்டு

கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. ஏறும்போதே ஒரு அட்டை கொடுத்து, அதை உங்கள் கிரெடிட் கார்டோடு இணைத்துவிடுவார்கள். காசு கையை விட்டுப் போவது தெரியாததால் செலவும் தெரியாது. டாலரிலோ சிங்கப்பூர் வெள்ளியிலோ வரும் அந்தப் பில்லுக்கு நம்மூர் கார்டுகள் பலவற்றில் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் உண்டு.

வைஃபைக்கு ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு 20 டாலர் அளவில் கேட்கும் கப்பல்கள் இருக்கின்றன. கரை மறைந்ததும் போனை ஏரோபிளேன் மோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் கப்பலில் இருக்கும் செயற்கைக்கோள் செல்போன் நெட்வொர்க்கோடு போன் தானாக இணைந்துகொள்ளும். சாதாரண வெளிநாட்டு ரோமிங் பேக் அதற்குப் பொருந்தாது. பில் வந்த பிறகுதான் விஷயமே தெரியும்.

குடிபானத்தில் நம் ஆட்களில் பலருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. மது அருந்தாத குடும்பம் என்றால் கப்பலின் மிகப்பெரிய கூடுதல் செலவே உங்களுக்கு இல்லை. தண்ணீர், சாதாரண டீ, காபி பஃபே பகுதியில் இலவசமாகக் கிடைக்கும். குளிர்பானம், ஸ்பெஷல் காபி ஆகியவற்றுக்குத்தான் காசு. குடிபான பேக்கேஜ் வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே அறையில் ஒருவர் மது பேக்கேஜ் எடுத்தால் அந்த அறையில் இருக்கும் மற்ற பெரியவர்களும் எடுக்க வேண்டும் என்ற விதி பல நிறுவனங்களில் உண்டு.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் அதிகம் என்பதால் சைவத்துக்குப் பெரிய சிரமம் இருக்காது. ஜென்டிங் ட்ரீம் கப்பலில் ஜெயின் உணவு வரை கிடைக்கிறது. ஐரோப்பியக் கப்பல்களில் இதே அளவுக்கு எதிர்பார்க்க முடியாது.

ஊர் பெயர் ஒன்று, இறங்கும் இடம் வேறு

பலர் ஏமாந்து போவது இந்த இடத்தில்தான். பயணத் திட்டத்தில் 'கோலாலம்பூர்' என்று இருக்கும். கப்பல் நிற்பது போர்ட் கிள்ளானில். அங்கிருந்து நகரத்துக்கு சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 'பேங்காக்' என்றால் லேம் சபாங் துறைமுகம், நகரத்துக்கு சுமார் இரண்டு மணி நேரம். 'ரோம்' என்றால் சிவிடவெக்கியா, ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். வெனிஸ் நகரின் மையக் கால்வாய் வழியாகப் பெரிய கப்பல்கள் போவதற்கு இத்தாலி 2021இல் தடை போட்டது. அதன் பிறகு வெனிஸ் பெயரில் விற்கப்படும் சில பயணங்கள், சாலையில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ரவென்னாவிலிருந்து கிளம்புகின்றன.

காலை எட்டு மணிக்கு நின்று மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும் கப்பல் என்றால், போக வர நேரம் போக ஊரைப் பார்க்க நான்கைந்து மணி நேரம் கிடைத்தால் பெரிது. பெட்ரோனாஸ் கோபுரத்துக்கு முன்னால் ஒரு செல்ஃபி, பத்துமலை முருகன் சிலைக்குக் கீழே ஒரு செல்ஃபி. அவ்வளவுதான். மலேசியாவைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானமே இருக்கிறது. அங்கே ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சிங்கப்பூரை விட மலிவு. கப்பல் வழியாகப் போவது சுற்றி வளைத்து மூக்கைத் தொடுவதுதான்.

பினாங்கு இதற்கு விதிவிலக்கு. கப்பல் ஜார்ஜ் டவுன் நகரிலேயே ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும். இறங்கி கொஞ்சம் நடந்தால் லிட்டில் இந்தியா, வாழை இலைச் சாப்பாடு, குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில். கப்பலில் விற்கும் டூர் பேக்கேஜ் எதுவும் தேவையில்லை. கால் இருந்தால் போதும்.

கப்பல் டூரா, வெளி டூரா?

கரையில் சுற்றிப் பார்க்க கப்பலே டூர் விற்கும், விலை அதிகம். வெளியில் டாக்ஸி எடுத்தால் குறைவு. ஆனால் கப்பல் டூர் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்கத் தீவு நாடான சாவோ டோமேயில் தனியார் டூர் போன எட்டு பயணிகள் நேரத்துக்குத் திரும்பவில்லை. நார்வேஜியன் டான் கப்பல் அவர்களை விட்டுவிட்டுக் கிளம்பியது. உலகம் முழுக்கச் செய்தியான அந்தச் சம்பவத்தில், அவர்கள் பல நாடுகளைத் தாண்டிக் கப்பலைத் துரத்த வேண்டியதாயிற்று. துறைமுகம் ஊருக்குள்ளேயே இருந்தால் வெளி டூர் நல்லது. இரண்டு மணி நேரத் தொலைவு என்றால் கப்பல் டூருக்கே கூடுதல் பணம் கொடுத்துவிடலாம் என்பதே நம் கருத்து.

நாம் தாமதமானால் கப்பல் போய்விடும். கப்பலே ஒரு துறைமுகத்தைத் தவிர்த்தால்? வானிலை காரணமாக ஒரு ஊரில் நிற்காமல் போக ஒப்பந்தத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு. பெரும்பாலும் அந்த ஊருக்கான துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்பக் கிடைக்கும்.

விசாவில் கவனம்

சிங்கப்பூரில் ஏறி, மலேசியா அல்லது தாய்லாந்து போய், மறுபடி சிங்கப்பூரில் இறங்குகிறீர்கள். அதாவது சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். உங்கள் விசா 'மல்டிபிள் என்ட்ரி' தானா என்று பார்த்துவிடுங்கள். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்திருக்கிறது. ஆனால் அது காலவரையறை உள்ள சலுகை, உங்கள் பயணத் தேதிக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் இதே சிக்கல் இன்னும் பெரியது. கிரீஸில் ஏறி துருக்கி போய் மறுபடி கிரீஸ் வந்தால் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறித் திரும்பியதாகக் கணக்கு. ஒற்றை நுழைவு விசா செல்லாது. அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல்கள், 1886ஆம் ஆண்டின் ஒரு அமெரிக்கச் சட்டத்தால் வழியில் கனடாவில் நிற்க வேண்டியிருக்கிறது. எனவே நமக்கு அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும். விசா கிடைக்கவில்லை, ஆவணம் சரியில்லை என்று ஏற்றாமல் விட்டால் கடைசி நேரத்தில் டிக்கெட் பணம் திரும்பி வராது. முழுப் பணமும் போகக்கூடிய இடம் இதுதான்.

அப்போ யாருக்கு லாபம்?

தங்குமிடமும் போக்குவரத்தும் கொள்ளை விலையாக இருக்கும் பகுதிகளில் கப்பல் உண்மையிலேயே மிச்சம் பிடித்துத் தரும். நார்வேயின் கடல் பள்ளத்தாக்குகளைத் தரை வழியாகப் பார்க்கக் கிளம்பினால் ஹோட்டலும் சாப்பாடுமே பர்ஸைக் காலி செய்துவிடும். அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவுக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது. விமானம் அல்லது கப்பல்தான். இங்கெல்லாம் கப்பல் என்பது ஹோட்டல், பேருந்து, உணவகம் மூன்றும் சேர்ந்தது. கிரேக்கத் தீவுகளும் இந்தப் பட்டியலில் வரும். ஆனால் சான்டோரினி, மைக்கோனஸ் தீவுகளில் இறங்கும் க்ரூஸ் பயணிகளுக்கு சீசனில் ஆளுக்கு 20 யூரோ என்று 2025இல் கிரீஸ் கட்டணம் கொண்டுவந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்கள். பெட்டியை ஒருமுறை பிரித்து வைத்தால் போதும். தினம் ஒரு ஹோட்டல், தினம் ஒரு பஸ் கிடையாது. களைப்பாக இருந்தால் அறையிலேயே இருக்கலாம், பேரப்பிள்ளைகள் நீச்சல் குளத்தில் இருப்பார்கள். இதைப் பணத்தால் மட்டும் அளக்க முடியாது. ஆனால் புக்கெட் போன்ற இடங்களில் பல கப்பல்கள் கரையைத் தொடாமல் கடலில் நிற்கும். சிறு படகில் இறங்கித்தான் கரைக்குப் போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது கஷ்டம். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் கட்டணம் டாலரில். நம்மூர் மெடிக்ளெய்ம் பொதுவாக அங்கே உதவாது. க்ரூஸுக்கும் அவசர வெளியேற்றத்துக்கும் சேர்த்து கவர் செய்யும் பயண இன்ஷூரன்ஸ் இல்லாமல் பெரியவர்களை ஏற்ற வேண்டாம்.

சிங்கப்பூர் குறுகிய க்ரூஸ் என்பது ஊர் பார்ப்பதற்கானது அல்ல, கப்பலை அனுபவிப்பதற்கானது. எப்படியும் சிங்கப்பூர் போகிறோம், அதில் இரண்டு மூன்று இரவைக் கப்பலில் கழிக்கலாம் என்பவர்களுக்குக் கணக்கு ஓரளவு கட்டுப்படியாகும். சிங்கப்பூரில் ஹோட்டலே காஸ்ட்லி என்பதால் அந்த வாடகை மிச்சம். கப்பலுக்காகவே பறந்து போகிறவர்களுக்குக் கட்டுப்படியாவது கஷ்டம். கப்பல் கிளம்பும் நாளிலேயே சென்னையிலிருந்து பறப்பது ரிஸ்க் என்பதால் முந்தைய நாளே போய்த் தங்க வேண்டும். மூன்று இரவு க்ரூஸ் அப்படித்தான் ஐந்து நாள் பயணமாகிறது.

விமானமே வேண்டாம் என்பவர்களுக்கு சென்னையிலிருந்தே ஒரு வழி இருந்திருக்கிறது. கோர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சேவையை 2022 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 2023 ஜூனில் அதே கப்பல் இலங்கைக்கும் போனது. 1990இல் கட்டப்பட்ட, சிங்கப்பூர் கப்பல்களை விடச் சிறிய கப்பல் அது. வருடம் முழுக்க ஓடாது, சீசனுக்கு சீசன் வழித்தடம் மாறும். கப்பல் வாழ்க்கை நமக்கு ஒத்துவருமா, கடல் மயக்கம் வருமா என்று தெரிந்துகொள்ள, லட்சங்களைப் போடுவதற்கு முன் இப்படி ஒரு சின்ன பயணம் உதவும்.

புக் செய்வதற்கு முன்

ஏஜென்ட்டிடம் டிப்ஸ், துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் என்பதால் டிசிஎஸ் என்று ஒரு தொகை பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். அது போன பணம் இல்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். கேன்சல் செய்தால் எந்தத் தேதி வரை எவ்வளவு கிடைக்கும் என்பதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் கடைசி இரவு, அறை டிவியிலோ ஆப்பிலோ உங்கள் பில்லை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். வாங்காத பொருள் ஏதாவது ஏறியிருந்தால் அன்றைக்கே கவுன்ட்டரில் சொல்லுங்கள். மறுநாள் காலை அங்கே நீண்ட க்யூ நிற்கும்.