இடைக்கால ஆடைச்சொற்களும் சமூகப் படிநிலையும்

1. முன்னுரை

இடைக்காலத் தென்னிந்தியரின் உடை பற்றிய மொழிச்சான்றுகளை இருவகையாகப் பகுக்கலாம். துணிகளின் பெயர்களைத் தருவன ஒருவகை. உடுத்தும் உரிமையைக் கூறுவன மற்றொருவகை. சமூகப் படிநிலையை அறிய இரண்டாம் வகையே பெரிதும் துணைசெய்கிறது. அதனை மொழிபெயர்ப்பதில் சொற்பொருள் மாற்றத்தால் நேரும் இடர்ப்பாட்டை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முற்படுகிறது.

2. பெயர்ப்பட்டியல்கள்

கல்யாணியை, அதாவது இன்றைய கருநாடகத்துப் பசவகல்யாணை, ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல், அரசன் துய்க்கும் ஆடைகளை அவை வந்த இடங்களால் சுட்டுகிறது. நாகப்பட்டினமும் சிங்களமும் முல்தானும் அவ்விடங்களுள் அடங்கும்.

சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார், ஊர்காண் காதை உரையில் 36 துகில் வகைகளைத் தொகுத்துரைக்கிறார். கோசிகம் பட்டினாலும், பீதகம் மஞ்சள் நிறத்தாலும் பெற்ற வடமொழிவழிப் பெயர்கள். குச்சரி கூர்ச்சரத்தையும், தேவகிரி தக்காணத்து நகரையும் நினைவூட்டுவன. தேவகிரி யாதவர் தலைநகரானது 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். ஆதலின் இவ்வொரு சொல் பட்டியலின் காலத்தை ஆராய்வதற்கும் பயன்படும்.

எனினும் இவ்விரு பட்டியல்களும் வாணிகத்தின் பரப்பையே காட்டுகின்றன. எவர் எதனை அணியலாகாது என்பதற்கு இவற்றில் விடையில்லை.

3. புடவை

இடைக்காலக் கல்வெட்டுகளில் தறிப்புடவை என்னும் வரிப்பெயர் பயில்கிறது. இங்குப் புடவை என்பது துணி என்னும் பொதுப்பொருளது. தமிழகத்தில் இச்சொல் பின்னர் மகளிர் உடுக்கும் சேலையை மட்டும் குறிப்பதாகச் சுருங்கியது. இலங்கைத் தமிழிலோ பழம்பொருள் நிலைத்துள்ளது. அங்குப் புடவைக்கடையில் ஆடவர் ஆடைகளும் விற்கப்படும். தமிழகத்தில் அவ்விடத்தை நிரப்பியது ஜவுளி. பெங்களூர்ச் சிக்கப்பேட்டையில் கேட்கும் கன்னட ஜவளியும் இதுவும் ஒன்றே. தறிப்புடவையைச் சேலை வரி எனப் பெயர்த்தால், நெசவாளர் அனைவர் மீதும் விழுந்த சுமை மகளிர் ஆடை மீதான வரியாகத் திரிந்துவிடும்.

4. உரிமை ஆவணம்

கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலிலுள்ள ஒரு கல்வெட்டு இவ்வகையில் தலையாயது. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டத்துடன் வெளியிடப்பட்ட அவ்வாணை, வெங்கால நாட்டுக் கம்மாளர்க்குச் சில உரிமைகளை வழங்குகிறது. அவர்கள் நன்மை தின்மைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லுகையில் காலணி அணியலாம், வீட்டிற்குச் சாந்து பூசலாம்.

நன்மை தின்மை என்பது இங்கு நல்வினை தீவினை அன்று; திருமணமும் இறப்பும் ஆகும். இதனினும் நுட்பமானது, இவ்வகை ஆணைகளில் பயிலும் ‘கடவர்’ என்னும் வினைமுற்று. கல்வெட்டுத் தமிழில் அது கடப்பாட்டையும் உரிமையையும் ஒருங்கே உணர்த்தவல்லது. இக்காலத் தமிழில் கடமைப்பொருளே மேலோங்கி நிற்பதால், ‘காலணி அணிதல் வேண்டும்’ என்று பெயர்க்க இடமுண்டு. அவ்வாறு பெயர்த்தால் ஆவணத்தின் உயிர்நிலை மறையும். அணியலாம் என்று அரசன் சொல்ல நேர்ந்ததே, அதற்குமுன் அணிய முடியாதிருந்தது என்பதற்குச் சான்று. பொன்னும் இரும்பும் கல்லும் கைவந்த கைவினைஞர்க்கும் செருப்பு அரசாணையால் வரவேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் 1363-இல் இயற்றப்பட்ட உடைச் சட்டம், எத்தரத்தார் எத்துணியை உடுத்தலாம் என்று வரையறுத்தது. அங்குத் தடை எழுத்தில் உள்ளது. கரூரில் எழுத்தில் உள்ளது விலக்கு. தடை வழக்கில் இருந்தது. 1859-இல் திருவிதாங்கூர் அரசு நாடார் மகளிர்க்குத் தோள்சீலை அணிய இசைவளித்தபோதும், உயர்சாதி மகளிரைப் போல் அணியலாகாது என்னும் வரம்பை உடன் வைத்தது.

5. முடிவுரை

ஆகவே, இடைக்கால ஆவணங்களைப் பெயர்ப்போர் ஆடைப்பெயர்களில் செலுத்தும் கருத்தை அவற்றைத் தழுவிவரும் வினைமுற்றுகளிலும் செலுத்துதல் வேண்டும். கல்வெட்டுச் சொல்லகராதிகள் கடவர் போன்ற வடிவங்களுக்கு உரிமை, கடப்பாடு ஆகிய இருபொருளையும் தனித்தனியே, இடஞ்சுட்டித் தருதல் நலம். படிநிலை, துணியின் பெயரைவிட அதனை உடுத்த இசைவளித்த வினையிலேயே தெளிவாகப் பதிந்துள்ளது.