ஷாம்பெயினுக்கு மூத்ததா லிமூவின் நுரை?

நுரை பொங்கும் எந்த வைனையும் ‘ஷாம்பெயின்’ என்று அழைப்பது உலக வழக்காகிவிட்டது. ஆனால் சட்டப்படி அப்பெயர், பாரிஸுக்குக் கிழக்கேயுள்ள ஷாம்பெயின் பிரதேசத்தில் விளைந்து அங்கேயே தயாராகும் வைனுக்கு மட்டுமே உரியது. பிரான்சின் தெற்கே, பிரனீஸ் மலைத்தொடருக்கு அண்மையில், ஓட் ஆற்றங்கரையில் லிமூ என்றொரு சிற்றூர் உண்டு. நுரைக்கும் வைனை உலகுக்கு முதலில் தந்தவர்கள் தாமே என்று அவ்வூரார் நெடுங்காலமாக உரிமை கோரி வருகின்றனர். இருந்தும் அவர்களது வைனின் பெயரைக் கேள்விப்பட்டவர் சிலரே. அதன் பெயர் ‘பிளான்கெற் த லிமூ’.

மதுவுக்குப் பரிந்து பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு பெயர் எவ்வாறு உலகை ஆள்கிறது, இன்னொரு பெயர் எவ்வாறு ஊர் எல்லைக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

லிமூவுக்கு அருகே சென் இலேர் என்னுமிடத்தில் பெனடிக்ற் சபைத் துறவிகளின் பழைய மடாலயம் உள்ளது. 1531ஆம் ஆண்டு, அம்மடாலயத்தின் நிலவறையில் தக்கையிட்டு வைத்திருந்த போத்தல்களில் வைன் தானாகவே நுரைத்தெழுந்ததைத் துறவிகள் கண்டனர் என்பது ஊர் மரபு. மரபு அற்புதம் போலக் கூறினாலும் காரணம் எளிமையானது. இலையுதிர் காலத்தில் பிழிந்த திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே குளிர்காலம் வந்துவிடும். குளிரில் மதுவம் உறங்கும். சாற்றில் சீனி எஞ்சியிருக்கும். அந்நிலையில் போத்தலில் அடைத்தால், இளவேனிலின் வெப்பத்தில் மதுவம் மீண்டும் விழித்து வேலையைத் தொடரும். அப்போது பிறக்கும் காபனீரொட்சைட்டு வெளியேற வழியின்றி வைனிலேயே கரைந்து நிற்கும். தக்கையைத் திறந்ததும் அதுவே நுரையாகிறது.

‘பிளான்கெற்’ என்ற சொல், லாங்டொக் பிரதேசத்தின் தாய்மொழியான ஒக்சித்தானிலிருந்து வந்தது. ‘சின்ன வெள்ளை’ என்று பொருள்படும். அங்கு விளையும் மோசாக் என்னும் திராட்சைக் கொடியின் இலை அடிப்புறத்தில் வெண்ணிறப் பூந்துய் கொண்டது. அதனைப் பார்த்தே குடியானவர்கள் இப்பெயரைச் சூட்டினர்.

இனி ஷாம்பெயினின் கதைக்கு வருவோம். அதனைக் கண்டுபிடித்தவர் டொம் பெரினியோன் என்னும் துறவி என்றே பலரும் நம்புகின்றனர். அவர் ஓவிலே மடாலயத்தின் நிலவறைப் பொறுப்பை ஏற்றது 1668இல், மறைந்தது 1715இல். வெவ்வேறு தோட்டத்துத் திராட்சைகளைத் தெரிந்து கலப்பதில் அவர் வல்லவர் என்பது உண்மை. ஆனால் வைனில் நுரை தோன்றுவதை அக்காலத்தவர் பெரும்பாலும் குறைபாடாகவே கருதினர். அவரும் அதனைத் தடுக்கவே முயன்றார். நுரையைக் கண்டுபிடித்தவர் என்ற புகழ் அவருக்கு வலுவாக வாய்த்தது 1821இல், அதே மடாலயத்தைச் சேர்ந்த குரோசார் என்ற முன்னாள் துறவி எழுதிய கடிதத்தின் பின்னரே. இறந்து நூறு ஆண்டுகள் கடந்த ஒருவரைப் பற்றிய அச்சாட்சியத்தை வணிக விளம்பரம் உலகெங்கும் கொண்டு சென்றது.

இன்னொரு செய்தியும் உண்டு. 1662இல், அதாவது பெரினியோன் பொறுப்பேற்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, கிறிஸ்தோபர் மெரெற் என்ற ஆங்கிலேய மருத்துவர் இலண்டன் றோயல் சொசைற்றியில் ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். வைன் வணிகர்கள் சீனியும் பாணியும் சேர்த்து வைனை நுரைக்கச் செய்வதை அதில் விவரித்தார். நிலக்கரி உலைகளில் உருவான ஆங்கிலேயப் போத்தல்கள் உறுதியானவை. நுரையின் அழுத்தத்தைத் தாங்கக்கூடியவை.

அப்படியானால் முதலிடம் லிமூவுக்குத்தானா? பத்திரிகைத் தொழிலில் நாம் கற்ற முதற் பாடம், ஒரு செய்தியைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்று கேட்பது. விருப்பமான கதைக்கும் அக்கேள்வி பொருந்தும். 1531 என்பது ஊர் போற்றும் ஆண்டு. அக்காலத்துப் பிளான்கெற் நுரைத்ததா அல்லது நுரையற்ற வெள்ளை வைனாகவே இருந்ததா என்பதை ஐயமற நிறுவும் சான்று கிடையாது. பெரினியோன் லிமூவுக்கு வந்து இரகசியத்தைத் திருடிச் சென்றார் என்ற கதைக்கும் ஆதாரமில்லை. இரு தரப்பாரிடமும் கதை உண்டு. ஒரு கதை வென்றதற்குக் காரணம் அதன் உண்மையன்று. அதன் பின்னால் நின்ற பலமே.

அப்பலம் எங்கிருந்து வந்தது? மன்னர்கள் முடிசூடிய றேன்ஸ் நகரம் ஷாம்பெயினில் இருந்தது. பாரிஸ் அண்மையில் இருந்தது. 1728இல் பதினைந்தாம் லூயி, ஷாம்பெயின் வைனைப் போத்தல்களிலேயே கொண்டு செல்ல அனுமதித்தார். லிமூவோ பாரிஸிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தொலைவில் கிடந்தது. அதன் மொழியும் வேறு. 1539இல் முதலாம் பிரான்சுவா பிறப்பித்த ஆணை, சட்ட ஆவணங்கள் பிரெஞ்சிலேயே அமையவேண்டும் என விதித்தது. அது முதன்மையாக லத்தீனை விலக்க எழுந்ததாயினும் ஒக்சித்தானும் அலுவல் மொழி என்ற தகுதியை இழந்தது.

1938இல் பிளான்கெற் த லிமூவுக்குச் சட்டபூர்வமான பெயருரிமை கிடைத்தது. ஆயினும் 1994 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், ஷாம்பெயினுக்கு வெளியே தயாராகும் போத்தல்களில் ‘ஷாம்பெயின் முறை’ என்று எழுதவும் தடை. ‘பாரம்பரிய முறை’ என்றே எழுதவேண்டும். மூத்தவர் என்று உரிமை கோருவோர் இளையவரின் பெயரை உச்சரிக்கவும் இயலாத நிலை இது.

கடையில் லிமூவின் போத்தலைக் காண்போர் மூன்று பெயர்களைப் பிரித்தறிய வேண்டும். ‘பிளான்கெற் த லிமூ’வில் குறைந்தது 90 சதவீதம் மோசாக் திராட்சை, போத்தலில் இரண்டாம் முறை நொதித்தது, பச்சை அப்பிளின் மணம் உடையது. ‘மெதோட் ஒன்செஸ்திரால்’, அதாவது ‘முன்னோர் முறை’ என்று குறித்திருப்பது முழுவதும் மோசாக்கினாலானது, இனிப்பானது, மதுச்செறிவு 7 சதவீதத்தை அண்டியது. மேற்கூறிய துறவிகளின் முறைக்கு நெருங்கியது இதுவே. 1990இல் உரிமை பெற்ற ‘கிறெமோன் த லிமூ’வில் வெளியிலிருந்து வந்த சார்டொனே, ஷெனின் திராட்சைகளே மேலோங்கும். சந்தையின் சுவைக்கு இசைந்து மோசாக் பின்தள்ளப்பட்டதன் அடையாளம் அது. ஷாம்பெயினைவிட மூன்றும் விலை குறைந்தவை.

ஆண்டுதோறும் தை மாதமளவில் தொடங்கி வார இறுதிகளில் பல வாரங்கள் லிமூவில் முகமூடித் திருவிழா நடைபெறுகிறது. அதன் இறுதி இரவுக்குப் ‘பிளான்கெற் இரவு’ என்றே பெயர். அன்று திருவிழா மன்னனின் உருவத்தை விசாரணை செய்து தீயிலிடுவர். அவ்விசாரணை ஒக்சித்தான் மொழியில் நடைபெறும். உலகச் சந்தையில் முதலிடம் கிடைக்காவிட்டாலும், தம் மொழியில் தாம் இட்ட பெயரை லிமூ மக்கள் கைவிடவில்லை. 1531 உண்மையோ அன்றோ, அந்தப் பெயர் உண்மை.